சபதம் வேண்டாம், ஏற்பாடு போதும்!



எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஓர் ஆணி இருக்கிறது. அதில் மூன்று ஆண்டுகளாக ஒரு ஸ்கிப்பிங் கயிறு தொங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு ஜனவரி முதல் தேதியன்று, "இனி தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து ஐந்நூறு முறை குதிப்பேன்" என்று வீட்டார் முன்னிலையில் சபதம் செய்து நான் வாங்கி வந்த கயிறு அது. முதல் நாள் குதித்தேன். இரண்டாம் நாள் கால் வலியோடு குதித்தேன். பொங்கல் வந்தது, பண்டிகை நாள்தானே என்று ஒரு நாள் விட்டேன். அவ்வளவுதான்! இப்போது அதே ஆணியில் கயிற்றின் மேல் நாள்காட்டியையும் மாட்டியாயிற்று.

இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. விஷயம் தெரியாமல் நான் விட்டுவிடவில்லை. என் தந்தையார் நீரிழிவு நோயால் ஒரு கால்விரலை இழந்தவர். எனக்கு நாற்பத்து மூன்று வயதானபோது, "உங்கள் சர்க்கரையும் எல்லைக்கோட்டில் நிற்கிறது" என்று டாக்டர் சொன்னார். அதற்கு அடுத்த மாதம்தான் அந்தக் கயிற்றை வாங்கினேன். ஆற்றல் மாற்றம் பற்றி வகுப்பில் மணிக்கணக்கில் பேசுகிறவன், பயமும் இருக்கிறது, அறிவும் இருக்கிறது. அப்படியும் இரண்டு வாரத்துக்கு மேல் தாங்கவில்லை!

இது என் ஒருவன் கதை அன்று. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு நோய் இருப்பதாக 2023-ஆம் ஆண்டில் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு மதிப்பிட்டது. இவர்களில் எத்தனையோ பேர் "நாளை முதல் நடப்பேன், நாளை முதல் இனிப்பைத் தொடமாட்டேன்" என்று சொல்லிப் பார்த்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

தெரிந்தும் ஏன் செய்ய முடியவில்லை? "மன உறுதி போதாது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்தேன். இப்போது என் கருத்து வேறு. நல்ல உணவும் உடற்பயிற்சியும் ஒருவரிடம் நிலைப்பது மன உறுதியால் அன்று, ஏற்பாட்டால். ஏன் என்று பார்ப்போமா? அதற்கு நாம் முதலில் லண்டன் நகரத்துப் பஸ் ஒன்றில் ஏற வேண்டும்.

லண்டனில் ஓடும் மாடி பஸ்களைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலத்தில் அவற்றில் ஒரு டிரைவரும் ஒரு கண்டக்டரும் இருப்பார்கள். டிரைவர் நாள் முழுவதும் உட்கார்ந்தே இருப்பார். கண்டக்டரோ டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்குமாக ஏறி இறங்கிக்கொண்டிருப்பார். ஜெர்ரி மாரிஸ் என்ற டாக்டரும் அவருடைய குழுவினரும் இந்த இரு வகையினரின் இதய நோய்க் கணக்குகளை ஒப்பிட்டு 1953-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். ஒரே கம்பெனி, ஒரே பஸ். ஆனால் கண்டக்டர்களுக்கு இதய நோய் கணிசமாகக் குறைவு! வந்தவர்களுக்கும் அது டிரைவர்களுக்கு வந்த அளவு கடுமையாக இல்லை.

"டிரைவருக்குப் போக்குவரத்து நெரிசலில் மனக்கவலை அதிகம், காரணம் அதுவாக இருக்கலாமே?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி! மாரிஸ் குழுவினர் தபால் இலாகாவையும் பார்த்தார்கள். நடந்தும் சைக்கிளிலும் சென்று கடிதம் கொடுத்த தபால்காரர்களுக்கு, அதே இலாகாவில் நாற்காலியில் அமர்ந்து வேலை பார்த்தவர்களைவிட இதய நோய் குறைவாகவே இருந்தது. இதற்குப் பின் வெவ்வேறு நாடுகளில் நடந்த பல ஆய்வுகளும் அதே திசையையே காட்டின.

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு கண்டக்டர் ஒரு நாளில் ஏறிய படிகள் சுமார் 600. ஒரு படியின் உயரம் 0.2 மீட்டர் என்று கொண்டால், அவர் ஏறிய மொத்த உயரம் 120 மீட்டர். அவருடைய நிறை 60 கிலோகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புவியீர்ப்பை எதிர்த்து அவர் செய்த வேலை 60 × 9.8 × 120, அதாவது ஏறத்தாழ 70,600 ஜூல். உணவுப் பொட்டலத்தில் 'கலோரி' என்று குறிக்கப்படுவது உண்மையில் கிலோகலோரி. அது 4,184 ஜூலுக்குச் சமம். ஆக, கண்டக்டர் செய்த வேலை 17 கலோரிதான்! நம் தசைகள் உணவின் ஆற்றலில் சுமார் கால் பங்கையே வேலையாக மாற்றுகின்றன. மீதி வெப்பமாகப் போய்விடுகிறது. ஆகவே 17-ஐ நான்கால் பெருக்குவோம். 68 கலோரி.

ஒரு கிராம் எண்ணெய் 9 கலோரி தருகிறது. இரண்டு சிறு கரண்டி எண்ணெயில் 10 கிராம் இருந்தால் அதுவே 90 கலோரி ஆயிற்று. நாள் முழுவதும் படியேறிய உழைப்பு, இரண்டு சிறு கரண்டி எண்ணெய்க்கு ஈடாகவில்லை! ஆனாலும் அந்த உழைப்புள்ள வேலைதான் அவர்களுடைய இதயத்தைக் காத்திருக்கிறது. இதிலிருந்து என்ன தெரிகிறது? தின்ற வடையை எரித்துத் தீர்ப்பதற்கான அடுப்பு அன்று உடற்பயிற்சி. அது இயந்திரத்தையே நல்ல நிலையில் வைத்திருக்கும் பராமரிப்பு. தசை சுருங்கி விரியும்போது, இன்சுலினுக்காகக் காத்திராமலே இரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்கிறது. இதயம் ஒரு துடிப்பில் அதிக இரத்தத்தை அனுப்பப் பழகுகிறது. எலும்பு உறுதியாகிறது, உறக்கம் நன்றாக வருகிறது. இவற்றில் எதையும் எடை பார்க்கும் இயந்திரம் காட்டாது. ஓடத் தொடங்கிய பத்தாம் நாள் அதில் ஏறி நின்று, "முள் நகரவே இல்லையே!" என்று ஓட்டத்தைக் கைவிடுகிற மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். தவறான கருவியால் அளந்துவிட்டுச் சோதனை தோற்றது என்று சொல்லலாமா?

அந்தக் கண்டக்டர்களிடம் நான் கற்ற பெரிய பாடம் இன்னொன்று. அவர்களில் யாரும் "தினம் 600 படி ஏறுவேன்" என்று சபதம் செய்யவில்லை. ஆர்வம் இருந்த நாளும் ஏறினார்கள், இல்லாத நாளும் ஏறினார்கள். அவர்களுடைய வேலை அப்படி அமைந்திருந்தது. அவ்வளவுதான்.

நமக்கு அப்படிப்பட்ட வேலை இல்லையே, என்ன செய்வது? உராய்வைப் பற்றி வகுப்பில் படித்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். வீட்டில் பீரோவை நகர்த்தியிருக்கிறீர்களா? அசையும் வரை மூச்சு முட்டுகிறது. அசைந்துவிட்டால் பிறகு அவ்வளவு சிரமம் இல்லை. நிலை உராய்வின் உச்ச அளவு இயக்க உராய்வைவிட அதிகம் என்பதுதான் காரணம். காலைப் பயிற்சியும் அப்படியே. கஷ்டம் ஓடுவதில் இல்லை, பாயிலிருந்து எழுவதில்தான்! ஆகவே நாம் கூட்ட வேண்டியது தள்ளும் விசையை அன்று. குறைக்க வேண்டியது தொடக்க உராய்வை.

எப்படிக் குறைப்பது? ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு செயலோடு புதிய செயலை இணைத்துவிடுங்கள். பால் வாங்கப் போகிறீர்களா? தெருவைச் சுற்றிக்கொண்டு போங்கள். பஸ்ஸில் வருகிறீர்களா? ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்குங்கள். தெருமுனையில் நண்பன் காத்திருப்பான் என்று தெரிந்தால், உங்கள் கால் தானாகவே எழும். அவனை ஏமாற்ற மனம் வராதல்லவா?

இப்படிச் செய்தால் பழக்கம் ஆக எத்தனை நாள் பிடிக்கும்? லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலி என்ற ஆராய்ச்சியாளரும் குழுவினரும் 96 பேரைக் கொண்டு இதைச் சோதித்து, 2010-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். பகல் உணவோடு ஒரு பழம், இரவு உணவுக்கு முன் சிறிது ஓட்டம் என்று ஆளுக்கு ஒரு சிறு செயல். யோசிக்காமல் தானாகச் செய்யும் நிலைக்கு வர ஆன நாட்களின் இடைநிலை அளவு 66. ஆளுக்கு ஆள் இது 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறும் என்றும் கணக்கிட்டார்கள். என்னை மிகவும் கவர்ந்த முடிவு வேறொன்று. இடையில் ஒரு நாள் தவறினாலும் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை! பொங்கலன்று நான் செய்த பிழை, ஒரு நாள் விட்டதன்று. விட்டுவிட்டேனே என்று அதோடு முடித்துக்கொண்டதுதான்.

உணவிலும் இதே கதைதான். பசியோடு வீடு திரும்பும் மாலை ஐந்து மணிக்கு யாருக்கும் மன உறுதி இருக்காது. அப்போது கைக்கு எட்டுவது எதுவோ அதுதான் வாய்க்குள் போகும். எட்டுகிற இடத்தில் அவித்த வேர்க்கடலையும் கொய்யாப்பழமும் இருக்கட்டும்; சிப்ஸ் பொட்டலம் வேண்டுமானால் கடைக்கு நடந்துபோய் வாங்கும்படி இருக்கட்டும். ஐதராபாத்தில் உள்ள தேசிய உணவியல் நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில், 2,000 கலோரி உணவுக்குத் தானியம் 250 கிராம் என்றால் காய்கறியும் கீரையும் 400 கிராம் என்று சொல்லியிருக்கிறது. நம் தட்டுகளிலோ சோறு மலையாகவும் பொரியல் ஓரத்திலும் இருக்கிறது! சோற்றுக்கு முன் பொரியலைப் பரிமாறச் சொல்லி அம்மாவிடம் கேளுங்கள். பரிமாறும் வேலையை நீங்களே எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

நான் இப்போது என்ன செய்கிறேன் என்று கேட்பீர்கள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் பக்கத்து வீட்டு நண்பர் வாசலில் வந்து நிற்பார். இருபது நிமிடம் பேசிக்கொண்டே நடப்போம். ஆர்வம் இருக்கிறதா என்று நான் என்னைக் கேட்டுக்கொள்வதே இல்லை. இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. சர்க்கரை எல்லைக்கோட்டைத் தாண்டவில்லை.

"எல்லாம் ஏற்பாடுதான் என்றால் மன உறுதிக்கு வேலையே இல்லையா?" என்று சிலர் கேட்கலாம். உண்டு. ஏற்பாட்டைச் செய்துவைக்க ஒரு நாள் அது வேண்டும். தினந்தோறும் அதையே நம்பியிருப்பதுதான் தவறு.

ஆனால் எல்லா ஏற்பாடும் உங்கள் கையில் இல்லை என்பதையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும். பள்ளி விட்டதும் வீட்டு வேலையும் தண்ணீர்க் குடமும் காத்திருக்கும் மாணவிக்கு விளையாட நேரம் ஏது? வயது வந்ததும் "இனி மைதானத்துக்குப் போகாதே" என்று தடுக்கப்படும் பெண்கள் எத்தனை பேர்! 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடல் உழைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. அந்த நேரத்தை எல்லோருக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும், பொதுவாகத் தரக்கூடிய இடம் பள்ளிதான். நாங்கள் பத்தாம் வகுப்புக்கு வந்ததும் எங்கள் பி.டி. பீரியட் கணக்குப் பாடத்துக்குப் போய்விட்டது. அன்று முணுமுணுத்த நானே, பிற்காலத்தில் செய்முறைத் தேர்வுக்காக மாணவர்களை மைதானத்திலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு அழைத்து வந்திருக்கிறேன். அது தவறு. பி.டி. பீரியடை எடுத்துக்கொள்ளும் ஆசிரியர், மாணவர்களின் மாடி பஸ்ஸிலிருந்து படிக்கட்டைக் கழற்றிவிடுகிறார். உங்கள் வகுப்பில் அப்படி நடந்தால் தலைமை ஆசிரியரிடம் மரியாதையோடு கேளுங்கள். வேண்டுமானால் இந்தக் கட்டுரையைக் காட்டுங்கள்.

இன்று இரவு படுக்கப் போகும் முன் ஒரே ஒரு செயலைத் தேர்ந்தெடுங்கள். சிறியதாக இருக்கட்டும். தினமும் தவறாமல் செய்யும் ஏதாவது ஒன்றோடு அதைச் சேர்த்துக் கட்டுங்கள். ஒரு தாளில் 66 கட்டங்கள் வரைந்து, செய்த நாளுக்கு ஒரு கோடு போடுங்கள். தவறிய நாளைக் காலியாக விட்டுவிட்டு மறுநாள் தொடருங்கள். எடையைப் பார்க்காதீர்கள், கோடுகளை எண்ணுங்கள்.

நானும் ஒரு தாளில் கட்டம் வரைந்துவிட்டேன். காலைக் காப்பிக்கு முன் இருபது முறை குதிப்பது என்று தீர்மானம். ஐந்நூறு அன்று, இருபதுதான்! நாள்காட்டிக்கு வேறோர் ஆணி அடித்தாயிற்று.