எஞ்சினை இறக்குமுன்

ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய எங்கள் பெட்ரோல் கார், சென்ற மாதம் மேடேறத் திணறியது. நின்ற இடத்தில் நடுங்கியது. பட்டறைக்காரர் ஓசையைக் கேட்டவுடனேயே, "எஞ்சினை இறக்கியாக வேண்டும், ஹஜ்ரத்" என்றார். மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கென ஒதுக்கிய பணம் என் கண்முன் வந்து நின்றது.

வேறொரு மெக்கானிக்கை நாடினேன். அவர் பிளக்குகளைக் கழற்றிச் சிலிண்டர்களின் அழுத்தத்தை அளந்தார். மூன்றில் 11 கிலோ காட்டிய முள், நான்காவதில் 5-ஐத் தாண்டவில்லை. அந்தச் சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மீண்டும் அளந்தார். அழுத்தம் உயர்ந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது என்று பொருள். அந்த இடைவெளியை ஆயில் சற்று நேரம் அடைத்துக்கொள்கிறது. உயராவிட்டால் கசிவு வால்விலோ ஹெட் கேஸ்கட்டிலோ இருக்கலாம். முள் 5-லேயே நின்றது. ரேடியேட்டர் தண்ணீர் குறையவில்லை. ஆயிலும் மோர்போல் வெளுக்கவில்லை. ஆகவே வால்வின் மீதே ஐயம் வலுத்தது.

சிலிண்டர் ஹெட்டை மட்டும் கழற்றினார். எக்ஸாஸ்ட் வால்வு ஒன்றின் விளிம்பு எரிந்து போயிருந்தது. அதை மாற்றி, அது அமரும் இடத்தைச் சீராக்கி, புதிய கேஸ்கட் வைத்து மூடினார். முதலில் கேட்ட தொகையில் கால் பங்கே செலவு. மகளின் கட்டணம் தப்பியது.

அன்பர்களே, நெடுந்தூரம் ஓடியது என்பதனாலேயே எஞ்சின் முழுவதும் தேய்ந்துவிட்டதாக முடிவு கட்டலாகாது. ஓயாத நீலப்புகை, விரைந்து குறையும் ஆயில், எல்லாச் சிலிண்டர்களிலும் தாழ்ந்த அழுத்தம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் இறக்கத்தான் வேண்டும். அதற்குச் சம்மதிக்குமுன் ஒன்று கேளுங்கள்: "அளந்து பார்த்தீர்களா?"