ஆபீஸ் திரையில் இருக்கும் பட்டன், வெள்ளிமலைப் போனில் தெரியுமா?

100 நாள் வேலையில் வருகைப் பதிவு போனுக்கு மாறத் தொடங்கியது 2021 மே மாதத்தில். சோதனை முறையில் வந்த என்.எம்.எம்.எஸ் செயலி, 2023 ஜனவரி 1 முதல் தனிநபர் பணிகள் தவிர மற்ற எல்லாப் பணித்தளங்களுக்கும் கட்டாயமானது. நேரமும் இடமும் பதிவாகும்படி, தொழிலாளர்களை தினமும் இரண்டு முறை படம் எடுத்து ஏற்ற வேண்டும். ஏற்றுபவர் பணித்தளப் பொறுப்பாளர். அந்தப் பதிவை வைத்துத்தான் கூலி.

இப்படிப்பட்ட செயலி என்றாலே மலைப்பகுதிகளில் சிக்னல் பற்றிய பேச்சுதான் முதலில் வரும். திரையைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலையில் இருக்கும் ஒருவரின் விலை குறைந்த போனில் 'சமர்ப்பிக்கவும்' பட்டன் திரைக்குக் கீழே போய்விட்டால், டவர் முழுசாக இருந்தும் பயனில்லை.

ரெசல்யூஷன்தான் பிரச்சினையா?

பெரும்பாலும் இல்லை. ஆண்ட்ராய்டில் டிசைனை அளப்பது பிக்சலில் அல்ல, 'டிபி' என்ற அலகில். 160 டிபிஐ திரையில் 1 டிபி என்பது 1 பிக்சல். 320 டிபிஐ-யில் 2, 480 டிபிஐ-யில் 3. அதனால் 720 பிக்சல் அகலமுள்ள மலிவான போனும் 1080 பிக்சல் அகலமுள்ள விலை உயர்ந்த போனும் செயலியின் கணக்கில் ஒரே 360 டிபி ஆக இருக்கலாம்.

சிக்கல் செட்டிங்ஸில் இருக்கிறது. கண் சரியாகத் தெரியாதவர் 'டிஸ்ப்ளே சைஸ்' கூட்டுகிறார். 320 டிபிஐ 360 ஆனால், அதே 720 பிக்சல் திரை 320 டிபி ஆகச் சுருங்கிவிடும். எழுத்தளவு தனி. ஆண்ட்ராய்டு 14 முதல் அதை 200 சதவீதம் வரை கூட்டலாம். இரண்டையும் கூட்டி வைத்திருப்பவர் பார்க்கும் திரை, டிசைனர் ஃபிக்மாவில் வரைந்ததே அல்ல.

அதன் மேல் தமிழ். கல்வராயன் மலையில் அதிகம் வாழும் மலையாளிப் பழங்குடியினர் பேசுவது தமிழ்தான். தமிழ்த் திரை அவர்களுக்குச் சலுகை அல்ல, தேவை. ஆங்கிலத்தில் 'சேவ்' என்று நான்கே எழுத்தில் முடிவது தமிழில் 'சேமிக்கவும்' ஆகிறது. பட்டன் அகலம் பத்தாமல் வார்த்தை இரண்டாக உடையும். உயரத்தை இறுக்கி வைத்திருந்தால் 'கீ'யின் மேல் சுழியோ 'மூ'வின் கீழ்ப் பகுதியோ வெட்டுப்படும். ஆங்கிலத்தில் மட்டும் சரிபார்த்தவர் கண்ணுக்கு இது படவே படாது.

முன்கூட்டியே பார்க்க முடியாதா?

முடியும், காசும் ஆகாது. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் பிரிவியூவில் ஒரே திரையைப் பல அளவுகளிலும் எழுத்தளவுகளிலும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கலாம். மொழியைத் தமிழாக மாற்றியும் பார்க்கலாம். இணையச் செயலி என்றால் குரோமின் டிவைஸ் மோடில் அகலத்தை 320 என்று கொடுத்தால் போதும், ஓட்டை தெரிந்துவிடும். எமுலேட்டரில் நெட் வேகத்தைக் குறைத்துப் பார்க்கவும் வழி உண்டு.

ஆனால் மதிய வெயிலில் வெளிறிப்போகும் திரையையும், மண் படிந்த விரலையும் எமுலேட்டர் காட்டாது. அதற்கு ஒரு பழைய போனை எடுத்து, தமிழுக்கு மாற்றி, எழுத்தைப் பெரிதாக்கி, ஆபீஸ் வாசலுக்கு வெளியே போய் நின்று பார்ப்பதுதான் வழி. பத்து நிமிஷம் கூட ஆகாது.