வயசான அப்பாவுக்கு இன்ஷூரன்ஸ்: பிரீமியத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்!

"அப்பாவுக்குப் பாலிசி எடுத்தாச்சுங்க. இனி ஆஸ்பத்திரிச் செலவு பத்திக் கவலையே இல்லீங்க!"

காந்திபுரத்தில் பஸ்சுக்குக் காத்து நின்ற ஒரு கடைக்காரர் இப்படிச் சொன்னார்.

"ரூம் வாடகை எவ்வளவு தருவாங்க? பில்லில் உங்க பங்கு எவ்வளவு?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஏஜெண்டுக்குத் தானுங்க தெரியும். பிரீமியம் கம்மீன்னாருங்க. எடுத்துட்டேன்" என்றார்.

இங்கே தான் கோளாறு!

கண்ணபுரம் சந்தைக்குக் காளை வாங்கப் போனால் பல்லைப் பார்க்கிறோம்; சுழி பார்க்கிறோம்; நடக்க விட்டுப் பார்க்கிறோம். பெற்றவர்கள் உயிருக்கு வாங்கும் பாலிசியை மட்டும் புரட்டிக்கூடப் பார்ப்பது இல்லை.

கணக்கு

5 லட்ச ரூபாய் பாலிசி. ரூம் வாடகை நாளுக்கு 1 சதவீதம், அதாவது 5,000 ரூபாய் தான் என்று உள்ளே இருக்கிறது. "கூட்டுச் செலவு" 20 சதவீதம் என்றும் இருக்கிறது.

அப்பாவை 10,000 ரூபாய் ரூமில் 5 நாள் சேர்க்கிறீர்கள். ரூம் 50,000. டாக்டர், ஆபரேஷன் 1,50,000. மருந்து 50,000. மொத்தம் இரண்டரை லட்சம்.

ரூமுக்குக் கம்பெனி 25,000 தான் தரும். பாதி வாடகை தானே, ஆகவே டாக்டர், ஆபரேஷன் செலவிலும் பாதி வெட்டு: 75,000. மருந்துக்கு வெட்டு இல்லை: 50,000. கூட்டினால் ஒன்றரை லட்சம். அதில் 20 சதவீதம் உங்கள் பங்கு. கம்பெனி தருவது 1,20,000. உங்கள் கையிலிருந்து போவது 1,30,000!

பிரீமியத்தில் சில ஆயிரம் மிச்சம் பிடித்ததற்கு இது தான் பலன். ஆகவே பாலிசியில் முதலில் பார்க்க வேண்டியது ரூம் வாடகை. இரண்டாவது கூட்டுச் செலவு. கண்புரை, மூட்டு ஆபரேஷனுக்குத் தனி உச்சவரம்பு உண்டா என்பது மூன்றாவது. பிரீமியம் அதற்குப் பிறகு தான்.

மறைக்காதீர்கள்

"சர்க்கரையை எழுதாதீங்க. பிரீமியம் ஏறிடும்" என்று சொல்லும் ஏஜெண்டுகள் இருக்கிறார்கள். நம்பாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் கேட்பார். "பத்து வருசமா இருக்குதுங்க கண்ணு" என்று பெரியவர் உண்மையைச் சொல்வார். அது கேஸ் ஷீட்டில் ஏறும். கம்பெனி கையை விரிக்கும். ஏஜெண்ட் போனை எடுக்க மாட்டார்.

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? பழைய நோய்க்குக் காத்திருக்க வேண்டும். அந்தக் காலத்தை 4 ஆண்டிலிருந்து அதிகபட்சம் 3 ஆண்டாக 2024-ல் குறைத்து விட்டார்கள். 5 ஆண்டு விடாமல் கட்டி விட்டால், மோசடி என்று நிரூபித்தால் தவிர, "மறைத்தாய்" என்று சொல்லிக் கம்பெனி மறுக்க முடியாது.

65 வயது தாண்டினால் பாலிசி இல்லை என்ற கதையும் 2024 ஏப்ரலோடு முடிந்தது. தனிநபர் பாலிசிக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. வரி 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. முதியவர் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவது என்றால், கம்பெனி முதலில் ஒழுங்குமுறை ஆணையத்தைக் கலக்க வேண்டும். இது 2025 ஜனவரி உத்தரவு.

ஆனாலும் 70 வயதில் போய்க் கதவைத் தட்டினால் விலை அதிகம் தான். 50 வயதிலேயே எடுங்கள். காத்திருக்கும் காலம் உடம்பு நன்றாக இருக்கும் போதே கழிந்து விடும்.

"நோய் வராவிட்டால் கட்டின பணம் வீண் தானே?" என்பார்கள். பஞ்சு குடோனுக்கு நெருப்பு இன்ஷூரன்ஸ் கட்டுகிறோம். தீப்பிடிக்கவில்லையே என்று யாராவது அழுதது உண்டா?

கட்ட முடியாதவர்கள்

கடன் வாங்கிப் பிரீமியம் கட்ட வேண்டாம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு 5 லட்சம் வரை வைத்தியம். 70 வயது ஆனவர்களுக்கு, வருமானம் பார்க்காமல், மத்திய அரசின் 5 லட்ச ரூபாய் திட்டம் 2024 அக்டோபரில் வந்தது. நீங்கள் போகும் ஆஸ்பத்திரி எந்த அட்டையை ஏற்கும் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

மில்லில் உழைத்து ஓய்வு பெற்றவர்களே! 5 ஆண்டு இ.எஸ்.ஐ. பிடித்தம் ஆகி, வயது முதிர்ந்து ஓய்வு பெற்றவருக்கும் மனைவிக்கும் ஆண்டுக்கு 120 ரூபாயில் வைத்தியம் தர இ.எஸ்.ஐ. விதியில் வழி உண்டு. ஒரு நடை ஆபீசுக்குப் போய் விசாரியுங்கள். டீச் செலவு தான்!

உரிமை

பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம். பணமில்லா சிகிச்சைக்கு 1 மணி நேரத்திலும், டிஸ்சார்ஜுக்கு 3 மணி நேரத்திலும் கம்பெனி பதில் சொல்ல வேண்டும். பணம் தர மறுத்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் நியாயம் கிடைக்காவிட்டால் சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளருக்கு எழுதுங்கள். வக்கீலும் வேண்டாம், பீசும் இல்லை.

இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் பீரோவில் இருக்கும் பாலிசியை எடுங்கள். கண்ணாடியைப் போட்டுக் கொண்டு பொடி எழுத்தைப் படியுங்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று படிப்பதை விட, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படிப்பது நல்லதுங்க!