மலைநாட்டிலும் நுளம்பு ஆராய்ச்சி

மழை பொய்த்து வற்றிய ஆறுகளின் குட்டைகளில் பெருகிய நுளம்புகளால், 1934-35இல் மலேரியா இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொள்ளைகொண்ட காலத்தில், உடப்புசல்லாவை போன்ற உயர்மலைப் பிரதேசங்கள் பெரும்பாலும் தப்பின. குளிரே நமக்கு நித்திய கவசம் என்ற நம்பிக்கை இன்றும் இங்கு நிலவுகிறது.

2016இல் உலக சுகாதார ஸ்தாபனம் இந்நாட்டை மலேரியா அற்றதென அத்தாட்சிப்படுத்தியது, ஆய்வாளர்களின் பொறுமைக்குக் கிடைத்த கௌரவம். ஆயினும் அதே ஆண்டின் இறுதியில், கிணற்றிலும் தொட்டியிலும் வளரவல்ல அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் மலேரியா நுளம்பு மன்னாரில் அகப்பட்டது. 2017இலோ டெங்கு 1,86,000 பேருக்கு மேற்பட்டோரைப் பீடித்தது.

டெங்கைப் பரப்பும் இரு இனங்களுள் ஈடிஸ் அல்போபிக்டஸ் குளிரை ஓரளவு தாங்கும். மரப்பொந்திலும், எறிந்த சிரட்டையிலும், லயத்து வாசலில் பீலித்தண்ணீர் பிடித்துவைத்த பீப்பாயிலும் முட்டையிடும். உஷ்ணம் சற்று உயர்ந்தாலும் அதன் உடலினுள் வைரஸ் முதிரும் காலம் குறுகுகிறது. கொழும்பில் தொழில்புரியும் நம் பிள்ளைகளோ பண்டிகைதோறும் ஊர் திரும்புகிறார்கள்; அவர்களோடு வைரஸும் வந்துசேரலாம்.

ஆகவே, சுகாதாரத் திணைக்களத்தின் பூச்சியியல் ஆய்வு பட்டணங்களோடு நில்லாமல், தோட்டந்தோறும் குடம்பிகளைச் சேகரித்து, இனம் பிரித்து, முடிவுகளைத் தமிழிலேயே மக்களுக்கு அறிவிக்க வேண்டுமெனக் கோருகிறோம். குழாய்நீர் ஒழுங்காக வராத லயத்தில் தண்ணீர் சேர்த்துவைப்பது குற்றமன்று. நுளம்பு பெருக இடமளித்ததாக மக்கள்மீது வழக்குப் பதியப்படுமுன் மூடியுள்ள தொட்டிகளை வழங்குவது தோட்ட நிர்வாகங்களின் கடமை.