முதல் சம்பளமும் முழுக்கைச் சட்டையும்

தூத்துக்குடியில் முதல் சம்பளம் வாங்கும் பிள்ளைகளை இப்போது எங்கும் பார்க்க முடிகிறது. 2024 டிசம்பர் இறுதியில் நியோ டைடல் பூங்கா திறக்கப்பட்டது. 2025 ஆகஸ்ட்டில் சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலை வந்தது. துறைமுகத்தை ஒட்டிய கப்பல் முகவர் அலுவலகங்களும் கண்டெய்னர் யார்டுகளும் முன்பிருந்தே ஆள் எடுத்துவருகின்றன. உப்பள வெயிலில் நின்று சம்பாதித்த பெற்றோரின் மகள், கழுத்தில் அடையாள அட்டையோடு கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறாள். அவள் நன்றாக உடுத்த ஆசைப்படுவதில் ஒரு தவறும் இல்லை. சிக்கனத்தைப் பற்றி எழுதும் பெரியவர்கள் பலர் இளைஞர்களின் அலங்கார ஆசையைக் கண்டித்துவிட்டுத்தான் பேச்சையே தொடங்குகிறார்கள். ஜவுளியியலும் குடும்ப வரவு செலவும் கற்பித்தவள் என்ற முறையில் எனக்கு அதில் உடன்பாடில்லை. நேர்த்தியாக உடுத்துவது ஒருவர் தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் மரியாதை. என் கவலையெல்லாம் அந்த நேர்த்தியைத் தவணையில் வாங்கும் பழக்கத்தைப் பற்றியது.

மாதம் 18,000 ரூபாய் கையில் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பைக்குக்கு 3,500, போனுக்கு 2,500 தவணை போகிறது. வாடகையும் சாப்பாடும் போனால் மிஞ்சுவது கொஞ்சம்தான். இந்த நேரத்தில் கிரெடிட் கார்டு வருகிறது. பண்டிகைத் துணி, ஷூ, வாட்ச் என்று 20,000 ரூபாய் நிலுவை சேர்கிறது. மாதம் 3.5 சதவீதம் வட்டி வாங்கும் கார்டு என்றால், ஒரு மாத வட்டி 700 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 126 ரூபாய். ஆக, மாதம் 826 ரூபாய் எந்தத் துணியும் வாங்காமலே போய்விடுகிறது. அந்தக் காசுக்கு ஒரு நல்ல பருத்திச் சட்டையே எடுத்துவிடலாம். 'குறைந்தபட்சத் தொகை கட்டினால் போதும்' என்று வரும் குறுஞ்செய்தி இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

சலுகை காட்டி ஆளை இழுப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டபோது, எதிர்க் கம்பெனியான பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது. கடைசியில் இலவசமாகவே ஏற்றிச்செல்வதாகச் சொன்னது. பயணிக்குக் குடையும் கொடுத்தது. சுதேசிக் கம்பெனி பின்னர் கலைக்கப்பட்டது. இன்று 'முன்பணம் வேண்டாம்', 'வட்டி இல்லை' என்று போனில் வந்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குடை ஞாபகம் வருகிறது. அதற்கான விலையை யார், எப்போது கொடுக்கப்போகிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் கை நீட்ட வேண்டும்.

சரி, குறைந்த காசில் நன்றாக உடுத்துவது எப்படி? முதலில் துணியைப் பார்க்கத் தெரிய வேண்டும். சட்டை எடுக்கும்போது உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்குலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தையலாவது ஓடியிருக்க வேண்டும். ஏழெட்டுதான் இருக்கிறது என்றால் சில சலவையிலேயே விலாப்பக்கம் பிரிந்துவிடும். சுடிதார் என்றால் தையலுக்கு வெளியே துணி விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பின்னால் பிரித்துவிட அது வேண்டும். கட்டம் போட்ட சட்டையில், பையின் கட்டமும் மார்புக் கட்டமும் ஒரே கோட்டில் சேர வேண்டும். அப்படிச் சேர்த்துத் தைக்கத் துணியும் கூடுதலாகும், நேரமும் பிடிக்கும். அதனால் தைத்தவருடைய அக்கறை அந்த ஓர் இடத்திலேயே தெரிந்துவிடும். பிராண்டின் பெயர் இதில் எதையும் சொல்வதில்லை.

அடுத்தது அளவு. தோள்பட்டைத் தையல் தோள் எலும்பு முடிகிற இடத்தில் உட்கார வேண்டும். இடுப்பு, கை நீளம், பேன்ட்டின் கால் எல்லாவற்றையும் டெய்லர் சரிசெய்துவிடுவார். தோளைத் திருத்துவது பெரிய வேலை. ஆகவே தோளுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொண்டு, "அண்ணாச்சி, சைடு பிடிச்சுக் கொடுங்க" என்று தெருமுனை டெய்லரிடம் போங்கள். உடம்புக்கு அளவாகப் பிடித்த 600 ரூபாய்ச் சட்டை, தொளதொளவென்று தொங்கும் 2,500 ரூபாய்ச் சட்டையைவிட நன்றாக இருக்கும். இத்தனை ஆண்டுகளில் இந்த விதி பொய்த்து நான் பார்த்ததில்லை.

பராமரிப்பில்தான் இந்த ஊருக்கென்று சில பாடங்கள் உண்டு. உப்புக் காற்றில் இரும்புக் கொக்கியும் மட்டமான ஜிப்பும் சீக்கிரம் துருவேறித் துணியைக் கறையாக்கும். வாங்கும்போதே அதைக் கவனியுங்கள். போர் தண்ணீர் பல தெருக்களில் கடினமானது. சோப்பு நுரைக்காது, வெள்ளைத் துணி மங்கிப்போகும். மற்ற அலசலுக்கு எந்தத் தண்ணீரையும் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி அலசலை மட்டும் குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீரில் செய்யுங்கள். உள்பக்கத்தை வெளியே திருப்பி நிழலில் காயப்போட்டால் சாயம் நிற்கும். பருத்திக்கு லேசாகக் கஞ்சி போட்டுத் தேய்த்தால் போதும், எட்டு மணி நேர வேலை முடிந்தும் ஆள் வாடாமல் தெரிவார். இந்தப் புழுக்கத்துக்குப் பாலியெஸ்டர் சரிப்படாது.

பண்டிகைக்கும் கல்யாணத்துக்கும் தனியாகத் திட்டமிட வேண்டும். பனிமய மாதா திருவிழா ஆண்டுதோறும் ஆகஸ்ட் 5இல் முடிகிறது. தீபாவளியும் கிறிஸ்துமஸும் எப்போது வரும் என்பதும் தெரிந்ததுதான். தெரிந்த செலவுக்குக் கடைசி வாரத்தில் எதற்குக் கடன்? 1935இல் தொடங்கப்பட்ட கோ-ஆப்டெக்ஸில் 'கனவு நனவு' என்ற மாதச் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. மாதாமாதம் சிறு தொகை கட்டினால், கட்டியதைவிடக் கூடுதல் மதிப்புக்குத் துணி எடுக்கலாம். தீபாவளிக்கு 30 சதவீதத் தள்ளுபடியும் உண்டு. பக்கத்து மாவட்டத்து வீரவநல்லூரில் நெய்யும் செடிபுட்டா சேலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பருத்தியும் செயற்கைப் பட்டு இழையும் சேர்ந்த சேலை அது; பட்டின் தோற்றம் இருக்கும், பட்டின் விலை இருக்காது. இந்த ஊர்ப் பெண்கள் அதைத் தேடிக் கட்ட வேண்டும் என்பது என் ஆசை.

நகை விஷயத்தில் இந்தக் கடற்கரைக்கு ஒரு பழைய வருத்தம் உண்டு. வெள்ளைக்காரன் காலத்துச் சலாபம் எனும் முத்துக்குளிப்பில், மூச்சடக்கிச் சிப்பி அள்ளியவருக்குப் பங்கு மூன்றில் ஒன்றுதான், மீதி அரசுக்கு. முத்து எடுத்தவர் வீட்டுப் பெண்ணின் கழுத்தில் முத்து தங்கியது குறைவு. இந்தப் பகுதியில் கடைசிச் சலாபம் 1961இல் நடந்தது. 1973இல் வேப்பலோடையில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் உருண்டையான வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். இன்று உலகச் சந்தையில் விற்கும் முத்துகள் ஏறத்தாழ எல்லாமே வளர்ப்பு முத்துகள்தாம். நன்னீர் முத்துக் கம்மல் ஒன்றைச் சில நூறு ரூபாய்க்கே வாங்கலாம். பல் நுனியில் மெதுவாகத் தேய்த்தால் முத்து சொரசொரக்கும், பிளாஸ்டிக் வழுக்கும். சென்ட் அடித்த பிறகுதான் முத்தை அணிய வேண்டும். வீடு திரும்பியதும் முதலில் கழற்றி, மெல்லிய துணியால் வியர்வையைத் துடைத்து வைக்க வேண்டும். தங்கம் ஏறியிருக்கும் விலையில், இருபத்திரண்டு வயதுப் பெண் கடன் வாங்கிச் சங்கிலி போட வேண்டிய அவசியமே இல்லை.

வாடகை அறைக்கும் பெரிய செலவு வேண்டாம். ஒரு கோரைப் பாயும், மணப்பாட்டுப் பெண்கள் முடையும் பனையோலைப் பெட்டிகள் இரண்டும், வெளிச்சமான ஜன்னலும் போதும். விருந்தாளி வந்தால் ஹோட்டலுக்குத்தான் கூட்டிப்போக வேண்டும் என்றில்லை. திரேஸ்புரத்தில் கரை ஏறும் சாளையை வாங்கிக் குழம்பு வைத்து, மக்ரூன் நூறு கிராம் வாங்கிவைத்தால், அதைவிடச் சிறப்பாக இந்த ஊரில் யாரையும் உபசரித்துவிட முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் கடன் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், உங்கள் உரிமையைத் தெரிந்துகொண்டு எடுங்கள். 2024 அக்டோபர் முதல் தேதியிலிருந்து, தனிநபர் கடன் கொடுக்கும் வங்கியும் நிதி நிறுவனமும் முக்கிய விவர அறிக்கை ஒன்றைத் தந்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வட்டி, கட்டணம் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஆகிறது என்பது அதில் இருக்கும். ஆப் வழியாக எடுத்த கடன் வேண்டாம் என்று தோன்றினால், அபராதமில்லாமல் திருப்பிக் கொடுக்கக் குறைந்தது ஒரு நாள் அவகாசமும் உண்டு. நன்றாகப் படித்த பிள்ளைகளுக்கே இது தெரிவதில்லை.

தூத்துக்குடிக் கல்லூரிகளுக்கும் சிப்காட் நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். நேர்காணலுக்கு எப்படி உடுத்த வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்று பயிற்சி தருகிறீர்கள். வேலைக்கான உத்தரவைக் கையில் கொடுக்கும் நாளில் இன்னும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு கடன் அறிக்கையை எப்படி வாசிப்பது, ஒரு சட்டையின் உள்தையலை எப்படிப் பார்ப்பது என்ற இரண்டையும் அந்த நேரத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடலாம்.

- கட்டுரையாளர், ஓய்வுபெற்ற மனையியல் பேராசிரியர்