ஏரிக்கரை இல்லம்

இங்கிலாந்தின் வடமேற்கே ஏரிகள் நிறைந்த மலைநாடு ஒன்று உண்டு. விக்டோரியா மகாராணியார் காலத்தில் ஆலை முதலாளிகளும் வணிகப் பெருமக்களும் அங்கே பெரும் மாளிகைகளை எழுப்பிக் குடியேறினர். அவற்றிடையே தனிச்சிறப்புடையது பிரான்ட்வுட் என்னும் இல்லம். கானிஸ்டன் ஏரியின் கிழக்குக் கரையிலுள்ள அதனை, பேரறிஞர் ஜான் ரஸ்கின் 1871-ஆம் ஆண்டில், கண்ணால் காணாமலே 1,500 பவுன் விலைக்கு வாங்கினார்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த அச்சிறு வீடு அப்போது பழுதுற்றிருந்தது. கட்டடக்கலை பற்றிப் பெருநூல்கள் இயற்றிய அவர், தமக்கென வீடு அமைக்கையில் ஆடம்பர முகப்பை நாடினாரல்லர். படுக்கையறையின் மூலையில், சாளரங்கள் சூழ்ந்த சிறு கோபுரம் ஒன்றைச் சேர்த்தார். ஏரியும் எதிர்க்கரை மலையும் அங்கிருந்து நன்கு தெரியும். பின்னர்க் கட்டிய உணவுக்கூடத்தில், கூரிய வளைவுடைய ஏழு குறுகிய சாளரங்களை வரிசையாகப் பொருத்தினார். 1849-ல் வெளிவந்த 'கட்டடக் கலையின் ஏழு விளக்குகள்' என்னும் அவரது நூலை அவை நினைவூட்டுவன என்பர். உள்ளிருப்போர் வெளியே காண்பதற்கென்றே அவ்வீடு வளர்ந்தது எனலாம்.

தொழிலாளிக்கு நியாயமான கூலி வேண்டுமென வாதாடியவர், தந்தை திராட்சை மது வணிகத்தில் ஈட்டிய செல்வத்தால் இவ்வாறு வாழ்ந்தது முறையோ என நேயர்கள் வினவலாம். தக்க வினாவே. ஆயினும் அச்செல்வத்தில் பெருந்தொகையை அவர் அறப்பணிகளுக்கு வழங்கினார்; ஷெபீல்டு நகரத் தொழிலாளருக்கென 1875-ல் ஒரு பொருட்காட்சிசாலையும் நிறுவினார்.

ஏரிநாட்டினுள் இரயில் பாதை நீள்வதை 1876-ல் அவர் வன்மையாக எதிர்த்தார். அவருடைய கருத்தை இந்தியரிடம் சேர்ப்பித்ததோ ஓர் இரயில் பயணமே! பிரான்ட்வுட்டுக்கு வருமுன், 1860-ல் அவர் எழுதிய 'அன்டு திஸ் லாஸ்ட்' கட்டுரைகளைக் காந்தியடிகள் 1904-ல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பன் செல்லும் வண்டியில் படித்தார். அன்றிரவு அவருக்கு உறக்கமில்லை. வழக்கறிஞர் தொழிலும் நாவிதர் தொழிலும் சமமதிப்புடையன என்னும் படிப்பினையைச் செயலாக்க, டர்பன் அருகே பீனிக்ஸ் பண்ணை அவ்வாண்டே தோன்றியது. 1908-ல் அந்நூலின் சாரம் 'சர்வோதயம்' என்னும் பெயரில் குஜராத்தியில் வெளிவந்தது. இரயில்வே ஊழியனாகிய எனக்கு இச்செய்தி தனி இன்பம் தருகிறது.

ரஸ்கின் 1900 ஜனவரி 20-ல் அவ்வில்லத்திலேயே மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் இடமளிக்க முன்வந்தபோதும், அவர் விருப்பப்படி கானிஸ்டன் கிராமத்திலேயே அடக்கம் செய்தனர். 1951-ல் இல்லம் ஓர் அறக்கட்டளையிடம் சேர்ந்தது; இன்று எவரும் சென்று அச்சாளரங்களின் வழியே ஏரியைக் காணலாம்.

வாடகைக் குடியிருப்புகளில் வாழும் நம்மில் பலர், ஊரில் ஒரு வீடு கட்டச் சிறுகச் சிறுகச் சேர்த்து வருகிறோம். முகப்புக்கு எவ்வளவு, சாளரத்துக்கு எவ்வளவு என்று கணக்கிடும் வேளையில் பிரான்ட்வுட்டை நினைத்துக்கொள்வது நன்று.