தேதி கேட்காதே, சுவரைப் பார்!

"இன்ன தேதியில் பூமி அதிரப் போகிறதாம்" என்று எவரேனும் சொன்னால் ஊரே நம்பிவிடுகிறது. நிலநடுக்கம் வரும் நாளை முன்கூட்டிச் சரியாகக் கணிக்கும் முறை உலகில் இதுவரை எவரிடமும் இல்லை. டெல்லியிலுள்ள தேசிய நிலநடுக்கவியல் மையமும் அதிர்வு நிகழ்ந்த பிறகே அதன் இடம், ஆழம், அளவு ஆகியவற்றை வெளியிடுகிறது. ஆகவே, தேதி குறித்துச் சொல்லும் செய்தியை நம்ப வேண்டா.

அப்படியானால் நாம் அறிய வேண்டியது என்ன? 1993 செப்டம்பர் 30 விடியுமுன், மராட்டிய மாநிலத்துக் கில்லாரி குலுங்கியது. ஆபத்து மிகக் குறைந்த பகுதியென்று நிலநடுக்க வரைபடம் காட்டிய இடம் அது. மண்சாந்தில் அடுக்கிய கல் சுவர்களும் கனத்த மண் கூரைகளும் உறங்கியவர்கள் மேல் சரிந்தன. ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். கொன்றது பூமியன்று, வீடு!

சுவர்களைச் சுற்றிப் பிணைக்கும் கான்கிரீட் பட்டையும், எடை குறைந்த கூரையும் உயிர் காக்கும். அதிரும்போது உறுதியான மேசைக்கடியில் புகுந்து தலையைக் காத்துக்கொள்ள வேண்டும், மின்தூக்கியில் ஏறலாகாது.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர், வீட்டிலே முதன்முதல் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். "படித்த பிள்ளை, நீ சொல்" என்று ஊர் கேட்பது நம்மைத்தான். வதந்தியை மறுப்பதோடு நில்லாமல், வீடு கட்டுவோரிடம் அந்தப் பட்டையைப் பற்றியும் சொல்வோம். அறிவியல் பயின்றதன் பயன் அதுவே.